தெப்பத்து நாணலும் மெஹர்னிசாவின் ஆடும்

பழவேற்காடு
12.12.2007

அன்பு மகன் மொஹசினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம், ஷார்ஜாவில் உன் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் நல்லபடியாக வைத்திருக்கட்டும். போனில் பேசினால் வாப்பா பக்கத்தில் இருப்பார், அதனால்தான் கடிதம்.

இன்று சுபுஹு தொழுததும் முதல் வேலையாக அரிவாளோடு படகுத்துறைக்குப் போனேன். சாக்கடையும் பேட்டரிப் பட்டறைக் கழிவும் வந்து சேரும் மூலையில், குழாய்களைக் கட்டி வலை விரித்து நாணல் நட்டு நானும் பள்ளிப் பிள்ளைகளும் மிதக்கவிட்ட தெப்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி அழுக்கைப் பிடிக்கின்றன, இப்போது நாற்றம் பாதியாகிவிட்டது. வளர்ந்த நாணல் தாளை மட்டும் அவ்வப்போது அறுத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீரிலேயே விழும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் யாரோ சுத்தமாக அறுத்திருந்தார்கள். சந்தோஷத்தோடு திரும்பினால் அடுத்த தெரு மெஹர்னிசா வாசலில் அந்த நாணல் கட்டு, ஆடு தின்றுகொண்டிருக்கிறது. "நீ ஏன் டீச்சர் அருவாளத் தூக்கினு அலையறே, மூணு மாசமா நான்தான் அறுத்தாந்து போடுறேன், பாரு, மாப்பிள்ள மாதிரி கீறான்" என்றாள்.

அது பக்ரீத் ஆடு மொஹசின். புருஷன் இறந்துபோன இந்த ஆறு வருஷத்தில் முதன்முதலாகச் சொந்தமாகக் குர்பானி கொடுக்கப் போகிறாள், மகள் ஜபீன் ஏழு மாத வயிற்றோடு மீஞ்சூரிலிருந்து பெருநாளுக்கு வருகிறாள். பட்டறைத் தண்ணீரில் ஈயம் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு அது விஷம். பெரும்பகுதி வேரிலேயே தங்கும், தாளில் கொஞ்சம்தான் ஏறும் என்று படித்திருக்கிறேன், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாது, சோதித்துச் சொல்வதற்குள் பெருநாள் தாண்டிவிடும். அறுக்கச் சொன்ன நான் எங்கே போடுவது என்று சொல்லவே இல்லை. பாட்டனி படித்தவளுக்கு ஆடு இலை தின்னும் என்பது தோன்றவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். படகுக்காரர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே தெப்பத்தை இடைஞ்சல் என்கிறார்கள், இது தெரிந்தால் அன்றைக்கே அவிழ்த்துவிடுவார்கள். காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம், உன்னிடம் மறைப்பானேன்.

நாஷ்டா சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. உன் ஆயுளுக்கும் ஈமானுக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

வாப்பா ஊத்துக்கோட்டைச் சந்தையில் பிடித்து வந்த நம் குர்பானி ஆட்டை நாளைக் காலையில் மெஹர்னிசா வாசலில் கட்டிவிட்டு, காரணத்தைச் சொல்லி, அவள் ஆட்டை நம் வீட்டுக்கு ஓட்டி வரப் போகிறேன், அதை யாரும் அறுக்க வேண்டாம். பிறகு துறைக்குப் போய் எல்லோரிடமும் சொல்வேன், தெப்பத்தை அவிழ்த்தால் அவிழ்க்கட்டும். வாப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் உம்மா
ஜுவைரியா