கண்ணாடி போட்ட படம்

காந்திபுரம், கோவை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமா? அப்பாவின் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

கண் அடிக்கடி சிவந்ததால் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். "கருவிழி காத்துல இருந்துதான் மூச்சு வாங்குதுங்க அம்மணி. நீங்க வருசக்கணக்கா, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் லென்ஸ் போட்டு மூடிப்போட்டீங்க. அது மூச்சுக்குத் தவிச்சு, ஓரத்துல ரத்தக்குழாய் வளருது" என்றார். இப்போதே நிறுத்தினால் பார்வைக்கு ஆபத்தில்லையாம். இனி மூக்குக்கண்ணாடிதான்.

மாப்பிள்ளை வீட்டார் புடவை எடுக்கிற சாக்கில் நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்து என்னைப் பார்ப்பார்கள், "கண்ணாடியோட மட்டும் நின்னுபோடாத கண்ணு" என்றீர்கள். அதனால் டாக்டரிடம் போகும்வரை லென்ஸ் இல்லாமல் ஒரு நாளும் கடையில் நின்றதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. தரகரிடம் இருக்கும் படத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். கண்ணாடி போட்ட படம் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள், ஹாஸ்டல் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்கு நேரமாகிவிட்டது. நேற்று ஓர் அம்மா, விரித்துப்போட்ட புடவைகளை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றக் கை போனது. கழற்றவில்லை. அவர் புடவை எடுக்காமலே போய்விட்டார்.

உங்கள் மகள்,
லோகப்பிரியா