மூடியைத் திற, வாண்டு

அன்புள்ள வாண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், ஃப்ரிட்ஜ் மட்டும் கொஞ்ச நாளாக என்னிடம் படாத பாடு படுகிறது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, அம்மாவிடம் போனில் நீ அழுததை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். திரும்பி வந்துடறேம்மா, எனக்கு இந்த ஓட்டல் வேலை ஒத்துவராது என்றாய், அம்மாவும் உடனே வந்துடுடி கண்ணு, உன் கட்டில் போட்டது போட்டபடியே இருக்கு என்று சொல்லிவிட்டாள். நான் போனைப் பிடுங்கிப் பேசியிருந்தால் நீ இன்னும் அழுதிருப்பாய், நான் இன்னும் கத்தியிருப்பேன், அதனால்தான் கடிதம். அப்பா போனதிலிருந்து உன் மதிப்பெண் அட்டையில் அவர் இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அந்த உரிமையில் சொல்கிறேன், நீ வரக்கூடாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ செய்த கடல் உணவு பாஸ்தா சாலட்டைப் பெரிய சமையல்காரர் எல்லார் முன்னாலும் குப்பையில் கொட்டினார், அதுதானே உன் வலி? அவர் இடத்தில் இருந்தால் நானும் கொட்டியிருப்பேன். வெந்த பாஸ்தாவையும் இறாலையும் கணவாயையும் சுடச்சுட ஒரே ஆழமான பாத்திரத்தில் கலந்து எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி இறுக்க மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருக்கிறாய், மதியம் அவர் கரண்டி விட்டால் அடியில் தண்ணீர், நடுவில் இன்னும் வெதுவெதுப்பு. வெயில் நேரத்தில் வெதுவெதுப்பான இறாலைத் தின்றவர்கள் நேரே ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்பார்கள். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்கிறவனின் தங்கச்சி செய்கிற வேலையா இது? ஃப்ரிட்ஜ் குளிரைக் கொடுக்காது, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே எடுக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீதான் கொட்டாவி விடுவாய். மூடி அடைத்தால் ஆவி எங்கே போகும், மூடியில் முட்டித் திரும்ப உன் சாலட்டிலேயே சொட்டும். சரி, அது முடிந்தது. ஆனால் அவர் உன்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் இன்னொரு தடவை செஞ்சு காட்டு, சரியா வந்தா குளிர் சாப்பாடு செய்யிற மேடை உனக்கு, இல்லேன்னா பாத்திரம் கழுவப் போ என்று அவர் சொன்னதாக நீயேதான் சொன்னாய். அந்தப் பாதியை மட்டும் அம்மாவும் மகளும் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

அதனால் நானே செய்து பார்ப்பது என்று இறங்கினேன். ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து வைத்திருந்த ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கி வந்து, உன் கட்டிலைக் கழற்றிச் சட்டங்களைச் சுவரில் சாத்திவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினேன். அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மீன்கடை அக்காவிடம் இறாலும் கணவாயும் வேக வைத்து ஜில்லென்று சாப்பிடப்போகிறோம் என்றேன், உனக்கு இன்னும் பொண்ணு அமையாததுல ஆச்சரியமே இல்ல தம்பி என்றாள். முதல் தடவை, குளிர்தானே வேண்டும் என்று உறையாத அளவுக்கு ஃப்ரிட்ஜின் டெம்பரேச்சரைக் கீழே இறக்கி வைத்தேன். காலையில் திறந்தால் பாஸ்தா வாஷர் மாதிரி விறைத்துக் கிடக்கிறது, ஆலிவ் எண்ணெய் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, மெழுகுவத்தியத் துருவிப் போட்டியாடா, உப்புக்கூட இல்ல என்றாள். டெம்பரேச்சர் கச்சிதமா இருக்கும்மா என்றேன். டெம்பரேச்சர யாருடா திம்பா என்று எழுந்து போய்விட்டாள். சுடச்சுட இல்லாவிட்டால் தட்டைத் தொடாதவள், அவளை வைத்துப் பரிசோதிப்பது அநியாயம்தான், ஆனால் அவள் வாய்க்குப் பிடித்துவிட்டால் உன் பெரிய சமையல்காரர் எம்மாத்திரம்.

அப்புறமும் சில தடவை கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், அப்படியே செய், உன் சொந்த மூளையைக் கொஞ்சம் ஓரமாக வை. தண்ணீரில் தாராளமாக உப்புப் போட்டு, பாஸ்தா பல்லில் கடிபடாத பதத்துக்கு வேகவிடு, ஆறினால் எப்படியும் விறைக்கும். வடித்து அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பு, மலையாகக் குவிக்காதே. வெதுவெதுப்பு இருக்கும்போதே எண்ணெய், எலுமிச்சை, நசுக்கிய பூண்டு கலந்த சாற்றில் பாதியைப் பிசறு, ஆறின பாஸ்தா எதையும் உள்ளே இழுக்காது. இறால் சுருண்டு நிறம் மாறி உள்ளும் வெந்ததும் எடு, கணவாய் வளையம் வெள்ளையானதும் எடு, அங்கே நின்று போனைப் பார்த்தாயானால் ரப்பர்தான். இரண்டையும் ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி ஒற்றி ஈரமே இல்லாமல் துடை, இந்த இடத்தில் சோம்பல் பட்டால் மறுபடி குளம்தான். எல்லாம் தனித்தனியாகக் குளிர்ந்த பிறகு கலந்து, அப்போது மூடி வை. வெள்ளரிக்காயை விதை எடுத்துக் கடைசியில் போடு. பரிமாறும் முன் மீதிச் சாற்றை ஊற்றி, குளிர்ந்தபடியே ருசி பார், குளிரில் நாக்கு மந்தமாகிவிடும், உப்பும் புளிப்பும் கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும். மேடையில் தட்டை ஐஸ்மேல் வை. ஃப்ரிட்ஜின் டெம்பரேச்சரை ரொம்பக் கீழே இறக்காதே, அந்த மடத்தனத்தை உனக்கும் சேர்த்து நானே செய்துவிட்டேன்.

நேற்று இதே மாதிரி செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் அனல் தாங்காமல் சாப்பாட்டுக்கு வந்தால், அம்மா உன் அறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கதவை மூடும்மா, குளிரெல்லாம் போகுது என்றேன். இன்னும் கொஞ்சம் எலுமிச்ச போட்டிருக்கலாம் என்றாள். கிண்ணத்தை வழித்துவிட்டு, இத அவ செஞ்சா அந்தாளு எதுக்குடா கொட்டப்போறான் என்று கேட்டாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தவள் சுவரில் சாத்தியிருந்த கட்டில் சட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதப் பரண்மேல ஏத்திடுடா, போக வர இடிக்குது, லீவுக்கு அவ வர்றப்போ இறக்கிக்கலாம் என்றாள். ஏற்றிவிட்டேன். ஏற்றச் சொன்னது நான் இல்லை, அம்மா.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் அந்தத் தேய்ந்த செருப்போடு ஓடாதே, புதிது வாங்கு. அம்மா உன் தலையைத் தடவிக்கொடுத்ததாக எழுதச் சொன்னாள், நான் ஒரு குட்டு வைத்ததாக நீயே சேர்த்துக்கொள். நல்லா வருவாய், வேறு வழியே இல்லை உனக்கு. சூடு போகும்வரை மூடாதே.

அப்பா இடத்தில் இதிலும் கையெழுத்துப் போடுகிற,
உன் அண்ணன்