உம்மாவின் பெயர் எழுதிய போத்தல்

ஏறாவூர்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் அகீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிரில் உன் உடம்பை அல்லாஹ் பாதுகாக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை வழக்கமாக எழுதிவிடுவேன், இந்த முறை கை வரவில்லை. உம்மாவை வாரத்தில் மூன்று நாள் மட்டக்களப்புக்குக் கொண்டுபோகிறோம், நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் கிடக்கிறாள், திரும்பும்போது ஓட்டோவிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். ஹீமோகுளோபின் ஆறுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். கிணற்றடியிலிருந்து குசினிக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். உன் தங்கச்சி அஸீமா உப்பில்லாமல் ஆக்கும் கறிக்கு உம்மா என்னிடம் கோபப்படுகிறாள், கோபப்படத் தெம்பு இருக்கிற நாட்களில் எனக்குச் சந்தோசம். மழை பிந்திவிட்டது, வட்டையில் இன்னும் விதைக்கவில்லை, வயலைப் போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போன் எப்போதும் உம்மாவின் பக்கத்தில்தான் கிடக்கிறது. போன கிழமை நீ அழுது சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் ஆய்வுக்கு நம் ஒழுங்கை வீடுகளில் எடுத்த சிறுநீரில் உம்மாவுடையது சுத்தம் என்று வந்ததே, பதினாலு மாதத்தில் இரண்டு கிட்னியும் இப்படிப் போகாதே, அதனால் போத்தல் சேர்த்த திவாகரன்தான் பெயரை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வை நடத்துகிற உன் பெரியவர் சொல்கிறாராம், அவனை வேலையிலிருந்து நிறுத்தியும் விட்டார்களாம். மகள், திவாகரன் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்தவன் நான்.

ஆய்வு தொடங்கிய கிழமை பள்ளிவாசலில் மைக்கைப் பிடித்துப் பேசியது நான்தானே. என் மகள் நோர்வேயிலிருந்து செய்கிற ஆராய்ச்சி, உடம்பில் ஒட்சிசன் குறைந்தால் கிட்னி அதை எப்படி அறிந்து புது இரத்தம் ஊறச் சொல்கிறது என்று பார்க்கிறார்கள், நம்மட வயல்காரருக்குக் கிட்னி ஏன் பழுதாகிறது என்பதும் அதில் தெரியவரும், வெட்கப்படாமல் எல்லாரும் கொடுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், உன் உம்மா மாட்டேன் என்றுவிட்டாள். ஸகியா எண்டு என்ட பேர எழுதி அந்த மூத்திர நஜீஸ அந்நிய ஆம்பிளட கையில எப்பிடிக் குடுக்கிற, எனக்கு வெக்கமா இரிக்கி என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். திவாகரன் படலையில் வந்து நிற்கிறான். ஒழுங்கை முழுக்க நம் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் கொடுத்தால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள். பள்ளியில் பேசியவன் வீட்டிலிருந்தே ஒரு போத்தல் வெறுமையாகப் போனால் உன் மானம் என்னாகும் என்று நினைத்தேன், உள்ளதைச் சொன்னால் என் மானத்தைத்தான் நினைத்தேன். இரண்டு போத்தலையும் நானே நிரப்பிக் கொடுத்தேன். சிறுநீரில் பிழை கண்டவர்களைத்தான் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள், உம்மாவைக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் சுத்தம் என்று கடதாசி வந்தபோது நீ போனில் அல்ஹம்துலில்லாஹ் என்றாய், நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே விளங்கவில்லை. உம்மாவின் கால் வீங்கி, முகம் வெளிறி, முற்றம் கூட்ட ஏலாமல் குந்தியபோது, அந்தக் கடதாசியை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் டிஸ்பென்சரி டொக்டரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு இரத்தச்சோகை என்று இரும்புக் குளிசை எழுதினார். மூன்று தரம் போனோம், மூன்று தரமும் நீட்டினேன். நீட்டி நீட்டி அது உண்மை என்றே எனக்குப் பட்டுவிட்டது. கிட்னி கெட்டால் இரத்தம் ஊறுவதும் நின்றுபோகும், சோகையை லேசாக எடுக்கக்கூடாது என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். சொன்னதையெல்லாம் கேட்டு மற்றவர்களிடம் பெருமையடித்தேன், என் வீட்டுக்குள் பார்க்கவில்லை.

மட்டக்களப்பில் பெரிய டொக்டர் அந்தக் கடதாசியைப் பார்த்து, இது நீங்கள் கொடுத்த சிறுநீர்தானா என்று உம்மாவிடம் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. ஓம் டொக்டர், நான்தான் குடுத்தன், என்ட கையாலதான் குடுத்தன் என்றாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியே வந்ததும் வாங்கின தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கிட்னியில் ஒன்றை எடுத்து அவளுக்கு வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், பொருந்தாது என்றுவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை உன் பெரியவருக்கு மொழிபெயர்த்துக் காட்டு மகள், திவாகரனைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல். அவன் தகப்பன் நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்க்க நாளைக்கு நானே போகிறேன். என்னைப் பற்றி அவர்கள் என்ன எழுதினாலும் எழுதட்டும். உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் அல்லாஹ் தர வேண்டும். வேலை வேலை என்று பசியோடு கிடக்காதே. உம்மா டொக்டரிடம் சொன்னதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.

இப்படிக்கு, உன் வாப்பா
ஆதம்பாவா