கயாக்குக்கு ஒரு வண்டி

இன்று காலை சக்கரத்தின் மூடியைக் கழற்றியதும் கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. உங்கள் சட்டைக் கையில் எப்போதும் இருந்த வாசனை. நீங்கள் போன பிறகு படகை ஏற்றி இழுக்கும் அந்த டிரெய்லரை நான் தொடவே இல்லை. கயாக் படகோடு சேர்த்து, பின்வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். என் தம்பி வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டான். "ஒத்தையில எப்படிக்கா இழுத்துட்டுப் போவ? குடுத்துருவோம்" என்கிறான். மத்தியானம் வருகிறார்களாம். அதற்குள் துடைத்து வைக்கலாம் என்றுதான் தார்ப்பாயை எடுத்தேன்.

நீங்கள் முதலில் செய்த டிரெய்லரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்த கை அல்லவா, எதைச் செய்தாலும் டன் கணக்கில் பாரம் தாங்க வேண்டும் உங்களுக்கு. இரண்டு பேர் லேசாகத் தூக்கிவிடும் பிளாஸ்டிக் படகுக்கு, பழைய இரும்புக் கடையிலிருந்து தடித்தடியாகச் சட்டங்கள் வாங்கி வந்து வெல்டிங் வைத்தீர்கள். ஸ்கூட்டரில் மாட்டிக் கிளப்பியதும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பின்னால் இருந்த நான் குதித்து இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, கப்பலையா ஏத்தப் போறிய?" என்று கேட்டார். நான் சிரித்துத் தொலைத்தேன். அன்று கயாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தே கடற்கரைக்குப் போனோம். வழி முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை.

பிறகு அதை அறுத்துப் போட்டுவிட்டு, மெல்லிய குழாயில், பழைய மொபெட் சக்கரங்கள் வைத்து, கையால் இழுக்கிற மாதிரி இதைச் செய்தீர்கள். கைப்பிடி வைக்கும் நேரத்தில், "ஏளா, இங்கன வந்து நில்லு" என்று என் இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்தீர்கள்.

"இழுக்கப் போறது நீங்கதான? எனக்கு எதுக்கு அளவு?"

"எனக்கு டூட்டி இருந்தா நீ மட்டும் போவணும்லா."

நான் ஒரு நாளும் தனியாகப் போகவில்லை. உங்கள் டூட்டி முடியும்வரை காத்திருப்பேன். அவ்வளவு உயரமான மனிதர், கடற்கரைவரை குனிந்து குனிந்தே இழுத்து வருவீர்கள். வீடு திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள். கைப்பிடியை மட்டும் உயர்த்தவில்லை.

துடைத்து முடித்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சக்கரங்களுக்குக் காற்று அடித்து, படகை ஒவ்வொரு முனையாகத் தூக்கி ஏற்றிக் கட்டினேன். கடலைவிடத் தெருவை நினைத்துத்தான் பயம். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை, கடற்கரைவரை வண்டி சொன்னபடி கேட்டு வந்தது. அலை இல்லை. கரையை ஒட்டியே கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டேன். பின்னால் உங்கள் இருக்கை காலியாக இருந்ததால் படகின் மூக்கு தண்ணீரில் அமிழ்ந்தபடியே போனது. அப்போதுதான் அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"முதல்ல வண்டிக்கு நல்ல தண்ணி, பொறவுதான் நமக்குக் காப்பி" என்பீர்கள். அதேபோல, வீடு திரும்பியதும் உப்புப் போக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி ஆளோடு வந்தான். வந்தவரும் உயரம். கைப்பிடியைப் பிடித்து இரண்டு எட்டு இழுத்துப் பார்த்தார்.

"ரொம்பத் தாழ இருக்கே. இடுப்பு பிடிச்சுக்கிடும்லா?"

"ஆமா அண்ணாச்சி, பிடிச்சுக்கிடும்" என்றேன். "அது என் அளவுக்குச் செஞ்சது. குடுக்கதுக்கு இல்ல."