டம்ளர் அளவுத் தொப்பி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கொத்தனார் எழுதுகிறேன். எதிர்வீட்டு டைலரம்மா எழுதிக் கொடுத்தாள் என்று நினைத்துவிடாதே. அவள் எழுத்து இவ்வளவு கோணலாக இருக்காது. இது முழுக்க என் கை. முதலில் நலம் சொல்ல வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். முழங்காலைத் தவிர நான் நலம்.

நீ மாசமாக இருக்கும் நம் பெண் உருண்டையைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிப் போனதிலிருந்து ஒரு நாளும் வகுப்புக்கு மட்டம் போடவில்லை. இப்போது தெருவில் இறங்கினால் எல்லாச் சுவரும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சுவர் நான் கட்டியது, உனக்குத் தெரியும். அதில் நீலப் பெயிண்டில் எழுதியிருப்பது ஏதோ விளம்பரம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நேற்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இங்கே யாரும் உட்காரக் கூடாது’ என்று போட்டிருக்கிறது! தினமும் நான் காலை நீட்டி இளைப்பாறுவது அதற்கு நேர் கீழேதான். படித்து முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, ‘பெரியவருக்கு இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சிருக்கு போல’ என்றார்.

சிரித்தது போதும். நான் இவ்வளவு சிரமப்பட்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்கிறாய். பக்கத்துக் கட்டிலில் உருண்டை படுத்திருக்கும்போது வேறு என்ன சொல்வாய்? கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் காதில் ஒன்றும் விழக்கூடாதுதான். ஆனால் கடிதம் சத்தம் போடாது. வராந்தாவில் போய் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுது.

அவளுடைய போன பிரசவத்தின்போது நீ எழுதிய கடிதத்தை டைலரம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தி, ‘கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணே’ என்றாள். தண்ணீர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் பேரன் பிறந்து தங்கவில்லை என்பது என்னைவிட முன்னால் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பாவம், அவள் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். நீ ஏன் என்று கேட்டாய். பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன்.

நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போன பைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாவற்றிலும் வேலை நடக்கிறது. உருண்டைக்கான குரோஷா சால்வை என் முழ அளவுக்கு வந்துவிட்டது. ‘சும்மா உட்கார்ந்து என் உயிரை வாங்காதீங்க’ என்று நீ கையில் கொடுத்த அதே கொக்கி ஊசிதான். தலையணை உறைகளுக்கு ஓரம் பின்னுகிறேன். ஒன்று முடிந்தது, கொஞ்சம் சுருங்கிக்கொண்டு நிற்கிறது. குழந்தைக்கான ஒட்டுத்துணிப் போர்வையில் நீ வெட்டி வைத்த சதுரங்களை எடுத்துக் கையால் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். காலையில் சால்வை, சாப்பிட்டபின் போர்வை, விளக்கு வைக்கும்வரை உறை. ஒரு பையைத் தொடாமல் விட்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வேலை நின்றால் அங்கே ஏதோ நின்றுவிடும் போல ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று சொல்வாய். சொல்லு. எழுதிச் சொல்லு.

உன் பதிலுக்குக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்
கொத்தனார்

*

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்காக எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறாய். மூன்று வரிதான் இருந்தது. முதல் வரி என்னைப் பாராட்டி. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. இரண்டாவது வரியில் உருண்டைக்குக் கால் வீக்கம் பரவாயில்லை என்று இருக்கிறது. மூன்றாவது வரியிலும் பரவாயில்லை. அந்தச் சொல் படிக்க எவ்வளவு நீளம்! மூச்சுப் பிடித்துப் படித்து முடித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வீக்கம் முழங்கால் வரைக்குமா, கணுக்காலோடு நிற்கிறதா? ரத்த அழுத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா? வீடு கட்டுகிறவனிடம் அஸ்திவாரம் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அவன் விடுவானா?

இங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. நீ திட்டினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போர்வைச் சதுரங்களை வரிசை வரிசையாகத் தைத்து, ஒன்றின்மேல் ஒன்று இணைத்தேன். பாதி வந்ததும் டைலரம்மா பார்த்துவிட்டு, வாயில் இருந்த குண்டூசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள். ‘என்னண்ணே இது, போர்வையா காம்பவுண்டுச் சுவரா?’ என்றாள். அப்போதுதான் கவனித்தேன். நீ மூலைக்கு மூலை நேராக வரும்படி வெட்டி வைத்திருந்தாய். நானோ ஒவ்வொரு வரிசையையும் அரைத் துண்டு தள்ளித் தைத்திருக்கிறேன், செங்கல் வைக்கிற மாதிரி.

நான் யோசித்துச் செய்யவில்லை. கை அப்படிப் போய்விட்டது. கீழ்வரிசை இணைப்புக்கு நேர் மேலே இன்னொரு இணைப்பு வந்தால் அந்த வழியாகத்தான் வெடிப்பு விடும் என்று டைலரம்மாவிடம் சொன்னேன். துணி வெடிக்காது என்றாள். உன் வீட்டுச் சுவர் நான் கட்டினதுதானே, இன்றைக்குவரை வெடித்திருக்கிறதா என்று கேட்டேன். ‘ஜன்னலுக்கு மேல ஒன்னு ஓடுதே, அது என்னண்ணே, கோலமா?’ என்றாள். அது பூச்சு வேலைக்காரன் செய்தது, என் செங்கல் இல்லை. இதை உனக்கும் சொல்லி வைக்கிறேன்.

பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம், நானே உதவுகிறேன் என்றாள். கத்தரியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். உருண்டை அங்கே அப்படிப் படுத்திருக்கும்போது இங்கே நான் எதையும் பிரிக்க மாட்டேன். கை வரவில்லை. ஓரமெல்லாம் ஒரு வரிசை உள்ளே, ஒரு வரிசை வெளியே என்று பல் பல்லாக நிற்கிறது. அப்படியே இருக்கட்டும். என்ன செய்வது என்று நீ சொல்.

சால்வை வளர்கிறது. இரண்டாவது உறையும் சுருங்கித்தான் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி சுருங்கினால் ஜோடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று வரிக்கு மேல் எழுது. என்னால் படிக்க முடியும்.

கொத்தனார்

*

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இன்று காலை மாப்பிள்ளை போன் செய்தார். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ‘மாமா, ஒன்னும் இல்ல மாமா’ என்றார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நான் ஒன்றும் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, ‘அத்தை சொல்லச் சொன்னாங்க. போர்வை, சால்வையெல்லாம் அப்படியே வெச்சிட்டு, முதல்ல ஒரு தொப்பி பின்னி அனுப்பணுமாம். டீ குடிக்கிற டம்ளர் மேல கவிழ்த்தா சரியா உக்காரணுமாம்’ என்றார். சரி என்றேன். நம் வீட்டு டம்ளரா, பெரிய டம்ளரா என்று கேட்டேன். நம் வீட்டு டம்ளர்தான் என்று நீ சொன்னதாகச் சொன்னார். உடனே போனை வைத்துவிட்டார்.

உருண்டைக்கு ஏன் உருண்டை என்று பேர் வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பிறந்தபோது நீ பின்னி வைத்திருந்த தொப்பி அவள் தலையில் ஏறவே இல்லை. நர்சு, ‘இந்த உருண்டைக்கு யாரு தொப்பி பின்னுனது, இன்னொன்னு பின்னுங்க’ என்று சத்தம் போட்டார். நீ வலியோடு சிரித்தாய்.

எனக்குப் புரிந்துவிட்டது. பிரசவ நாள் வரும்வரை காத்திருக்க முடியாது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவ்வளவுதானே? அதையே எழுதியிருக்கலாமே. இல்லை, எழுத உனக்கு நேரம் கிடைத்திருக்காது. கோபம் இல்லை.

அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தேன். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். எனக்குச் சட்டி மாதிரிதான் வரும் என்று நினைத்தேன். டைலரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஒரு கிண்டலும் பண்ணவில்லை. அவள் கிண்டல் பண்ணாதது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ‘ஏதாவது சொல்லேம்மா’ என்றேன். ‘நல்லா வருதுண்ணே’ என்றாள். நான் ஒரு கண்ணிகூட நழுவ விடவில்லை. பெருவிரலுக்கு உறுத்தாத மெல்லிய உல்லன் நூல், வெள்ளை. உன் பையில் அடியில் இருந்தது.

பின்னி முடித்து டம்ளர்மேல் கவிழ்த்தேன். சரியாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ போட்டபோது அந்த டம்ளரை எடுக்க மனசு வரவில்லை. வேறு டம்ளரில் குடித்தேன்.

தொப்பியை இன்றைய பஸ் பார்சலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்குள்தான் இருக்கிறது. ரசீதைப் படித்துப் பார்த்து ஊர்ப் பேர் சரியா என்று நானே சரிபார்ப்பேன். மாப்பிள்ளையை நிலையத்துக்குப் போகச் சொல்லிப் போன் செய்துவிடுவேன். அவரைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு. உருண்டையிடம் அப்பா போர்வையைச் செங்கல் மாதிரி தைத்துவிட்டார் என்று சொல். சிரிப்பாள்.

வந்ததை வந்தபடி எழுது. எதுவானாலும் உன் கையால் எழுது. நானே படிப்பேன்.

கொத்தனார்

*

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீண்ட கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது டைலரம்மா வாசலில் நின்றாள். நான் கடிதத்தைப் பிரிக்காமல் நிற்பதைப் பார்த்து, படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். ‘வேண்டாம்மா, என் பொண்டாட்டி எனக்கு எழுதினது’ என்றேன். அவள் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

முதல் வரி படித்தேன். ‘பெண். இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டாவது சொல்லை விட்டு நகரவே முடியவில்லை. எழுத்துத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பவும் படித்தேன். வாசலைப் பார்த்து, ‘பேத்தி’ என்றேன். டைலரம்மா படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை தண்ணீர் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீதியைப் படிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நீ ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். உருண்டை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை, குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் பெட்டிக்குள் இருக்கிறாள். சில சமயம் மூச்சுவிட மறந்துபோகிறாள். நர்சு உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வந்து மூச்சு விடுகிறாள். இதைப் படித்தபோது நானும் மூச்சை நிறுத்தி இருந்திருக்கிறேன் போல. டைலரம்மா தோளைத் தட்டினாள். இனிமேல் என்ன என்று டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஆனாலும் அந்த வரிக்காக உனக்கு நன்றி. ‘பரவாயில்லை’ என்று எழுதாமல் இருந்தாயே.

தொப்பி கண்வரைக்கும் இறங்குகிறது, இன்னும் சின்னதாக ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். ஊசியைக் கையில் எடுத்தேன். எதன்மேல் அளவு வைப்பது என்று வீடு முழுக்கத் தேடினேன். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நீ கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. இதை மட்டும் என்னால் செய்ய முடியாது. விளிம்பை ஒரு மடிப்பு மடித்துப் போடச் சொல். தொப்பி காத்திருக்கட்டும். அவள் அதற்கு வளரட்டும்.

போர்வையைப் பற்றியும் நீ சொல்லிவிட்டாய், கொத்தனார் பேத்திக்குக் கொத்தனார் சுவரே போதும் என்று. உருண்டையும் சிரித்தாளாமே. அப்படியென்றால் ஓரத்துப் பற்களை அரைத் துண்டு வைத்து அடைக்க மாட்டேன். பின்னால் அறையை நீட்ட வேண்டியிருந்தால் சுவர் ஓரத்தில் இப்படித்தான் பல் விட்டு வைப்போம். புதுச் சுவர் வந்து அதில் பிடித்துக்கொள்ளும். இவள் கால் நீள நீள ஒரு வரிசை, ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன். துணிக்கு என் பழைய சட்டைகள் நிறைய இருக்கின்றன.

சால்வை முடிந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன். உருண்டை கண்ணாடி முன்னால் நிற்கும்போது தோளில் போட்டு விடு. அந்த அறை குளிரும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஒன்றும் பின்னவில்லை. அதனால் என் மப்ளரை வைத்திருக்கிறேன். பீடி வாசனை வந்தால் திட்டாதே, கழுவித்தான் அனுப்பினேன்.

டம்ளர் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. தலையில் ஒன்றும் இல்லாமல். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

என் பேத்தி மூச்சை மறக்காமல் இருக்கட்டும். உன் கை அந்த உள்ளங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவசரம் இல்லை, நான் காத்திருப்பேன். என்றைக்காவது ஒரு நாள், தொப்பி இறுக்குகிறது என்று ஒரு வரி எழுது. பெரிய எழுத்தாக எழுத வேண்டாம். எவ்வளவு சின்னதாக எழுதினாலும் படித்துவிடுவேன்.

கொத்தனார்