மேபல் காட்டேஜ் சப்பாத்தி

என் பாசத்துக்குரிய பொய்யன் முனிசாமி அண்ணனுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், கேட்டுச் சிரி. இத்தனை வருஷமாக நான் சப்பாத்தி தேய்க்கிறேனே அந்த வெள்ளைக்கல், அதில் செதுக்கியிருப்பது பூவேலை இல்லையாம். இங்கிலீஷ் எழுத்தாம். "பார்த்தீங்களா, என் சப்பாத்தியில கொடி ஓடுது!" என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டபோது, "ஆமா, என் தங்கச்சி கைவேலை" என்று பக்கத்தில் நின்று ஒத்து ஊதினாயே, பாவி! நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எட்டு வரை போன உனக்குமா தெரியாது?

நீ கண்ணை மூடிய மறுமாதமே பங்களாவை விற்றுவிட்டார்கள். ஜோகுபாளையத்தில் நம் செங்கல் மாளிகைக்குக் கை மாறுவது புதுசா என்ன? வெள்ளைக்காரத் துரை கட்டினார். மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த பெரிய முதலியார் வாங்கினார். அவர் மகன் காலத்தில் நீ தோட்ட வேலைக்கும் நான் சமையலுக்கும் வந்தோம். அப்புறம் காபி எஸ்டேட்காரர், அப்புறம் ஒயின் ஷாப் காண்ட்ராக்டர். "துரை வெச்ச கல்லு, சோறா கேக்குது? இருக்கட்டும்" என்று முதலியார் மட்டும் கேட்டில் இருந்த பழைய பெயரை விட்டுவைத்தாராம். மற்றவர்களுக்குப் பால் காய்ச்சுவது முதல் வேலை, பழைய பெயரைப் பேர்த்துவிட்டுப் பெண்டாட்டி பெயரை மாட்டுவது இரண்டாவது வேலை. பேர்த்ததை எல்லாம் நீ தூக்கிக்கொண்டு வருவாய். எஸ்டேட்காரர் வீட்டம்மாவின் பலகைதான் இன்றைக்கும் நம் கோழிக்கூண்டுக்குக் கதவு.

இப்போது வாங்கியிருப்பவர்கள் கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். நிவேதா, அவள் வீட்டுக்காரர் கார்த்திக். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு வீட்டைப் பிடித்திருந்தது. கார்த்திக் தம்பிக்கோ இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆசை. ஜேசிபிக்காரன் வந்து கேட் அகலத்தை அளந்துவிட்டுப் போனான்.

பங்களா போனால் பின்னால் இருக்கிற அவுட்ஹவுஸும் போகும். நான் எங்கே போவேன்? உன் போட்டோவும் கையுமாக ஒக்கலிபுரத்தில் சித்தி மகள் வீட்டுக்குப் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவள் வைக்கிற குழம்பையும் நினைத்துப் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் இருவரும் வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நம் அறைக்குள் ஒதுங்கினார்கள். சூடாகச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தேன்.

"என்னக்கா, சப்பாத்தியில என்னமோ எழுதியிருக்கு?" என்றாள் நிவேதா.

"பூவேலைம்மா. ஆறிடும், சாப்பிடு."

அவள் கேட்கவில்லை. எழுந்து போய், ஒட்டுப்பொட்டு ஒட்டியிருக்கும் என் சுவர்க் கண்ணாடி முன்னால் சப்பாத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயம், பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று.

"மேபல்... காட்டே... கார்த்தி, மிச்சம் எங்க?"

"நான் பிச்சுத் தின்னுட்டேனே" என்றார் தம்பி, வாயில் வைத்துக்கொண்டே.

கல்லைக் கழுவிப் பார்த்தார்கள்; சப்பாத்தியில் இடம் வலம் மாறி விழுந்த எழுத்து அதில் நேராக இருந்தது. துரை தன் பெண்டாட்டி மேபல் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்திருக்கிறார். "இம்மாம் பெரிய வீடு காட்டேஜா?" என்று தம்பி தலையைச் சொறிந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டில் இருக்கக்கூடாது என்று எஸ்டேட்காரர் பேர்த்துப் போட்ட பெயரை, அவரே தினம் ராத்திரி குருமா தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்! காண்ட்ராக்டரும்தான். நீ பரிமாறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாயே, சிரிப்பை எப்படி அண்ணா அடக்கினாய்? என்னிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா?

"இடிச்சா எத்தனை பிளாட் வரும் தெரியுமா நிவி?" என்று தம்பி மெல்ல ஆரம்பித்தார்.

"வீட்டையே தின்னுட்டு உக்காந்திருக்கே. இன்னும் எதை இடிக்கப் போறே?" என்றாள் அவள்.

தம்பி இன்னொரு சப்பாத்தி கேட்டார். அதை எழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி அழுத்தித் தேய்த்துப் போட்டேன். நான் உன் தங்கச்சி இல்லையா?

அடுத்த வாரம் நிவேதா தனியாக வந்தாள். "இடிக்கலைக்கா. ரிப்பேர் பண்ணிக் குடிவர்றோம். நீங்களும் எங்கயும் போகலை." உள்ளே போய் உன் போட்டோவை ஆசை தீரத் திட்டினேன். கண்ணெல்லாம் தண்ணீர். அன்றைக்கு வெங்காயமும் அரியவில்லை.

கல் மறுபடி கேட் தூணுக்கே போய்விட்டது. எனக்கு மரப்பலகை வாங்கித் தந்திருக்கிறார்கள். சப்பாத்தி மொட்டையாக வருகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. போகட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: நாளைக்கு இந்த வீடு யார் கைக்குப் போனாலும், அவர்கள் பேர்த்துப் போடுகிற பெயரை நான் தூக்கிவந்து வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால் பூவேலை என்பேன்.

பால் காய்ச்சிய சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சோப்புப் போட்டும் அந்தக் கல்லில் நெய் வாசனை போகவில்லை. பால் பொங்குகிற சமயத்துக்கு, பால்காரர் ராமண்ணாவின் பசு கேட்டுக்கு வந்து மேபலை நக்க ஆரம்பித்தது. விருந்தாளிகளின் கார்கள் உள்ளே வர வழியில்லாமல் வெளியே நின்றன. எல்லோரும் ஓடிப்போய் இழுத்தோம். ராமண்ணா மட்டும் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, "பரவாயில்லா அக்கா, நெக்லி" என்றார் கன்னடத்தில், நக்கட்டும் என்று. உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. எந்தப் பக்கம் வழிந்தது என்று ஐயர் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பசு காட்டேஜையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பாத்திரத்தை நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏமாற்றிய உன் ஒரே தங்கச்சி,
கனகா