தொட்டிக்குத் திரும்பிய ஏஞ்சல் மீன்

உங்களுக்கு,

காலி மருந்துக் குப்பியைத் தூக்கிப் போடலாமென்று கையில் எடுத்தேன். மூடியைத் திறந்ததுமே அந்தக் கசப்பு வாசனை கூடமெங்கும் பரவியது. என் விரல் நுனிகளில் அதன் பச்சைச் சாயம் இன்னும் போகவில்லை. உங்கள் மீன்தொட்டிக்கு நோய் வந்துவிட்டதுங்க. கொண்டுவந்து விட்டவள் நான்தான்.

எஸ்டேட்டில் காப்பிப்பழம் தோலுரிக்கிற மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், கை கழுவி நேரே தொட்டியிடம்தான் போவீர்கள். சேலத்தில் மீன் வாங்கும் நாளில், குளிர் தாக்கக் கூடாதென்று பையை ஸ்வெட்டருக்குள் அணைத்தபடி, மலையேறி வரும் நாகலூர் பஸ்ஸிலிருந்து இறங்குவீர்கள். ஆனாலும் புது மீனை உடனே தொட்டியில் விடமாட்டீர்கள். வாரக்கணக்கில் சமையலறை மூலையில், ஒரு பக்கெட்டில் அது கிடக்கும். "வந்த மீனுக்குத் தனி ஊடு கேக்குதாக்கும்?" என்று இடக்காகக் கேட்பேன். "கூட என்னத்தைக் கூட்டியாந்திருக்குதுன்னு பாக்கோணுமில்ல புள்ள" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு, உங்கள் ஏஞ்சல் மீன் தொட்டிக்குள் இருக்கும் மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. குட்டி டெட்ரா மீன்கள் கூட்டமாகத் திரிய, அது மட்டும் தனியாக. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சேலம் போனபோது அதற்குத் துணையாக இரண்டு மோலி மீன்கள் வாங்கிவந்தேன். பக்கெட் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தும், அன்று மாலையே அவற்றைத் தொட்டியில் விட்டேன். வீட்டில் புதிதாக ஏதாவது ஓடியாடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு அவசரம்.

சில நாளிலேயே ஏஞ்சலின் துடுப்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் உடம்பை உரசியது. செவுள் படபடவென்று அடித்தது. அதை மட்டும் பிடித்துப் பக்கெட்டில் விட்டுவிட்டு, மீன்கடைப் பெண்ணுக்குப் படம் அனுப்பிப் போன் செய்தேன்.

"வெள்ளைப்புள்ளி நோவுங்கம்மா. அந்தப் புள்ளி உதுந்து அடியில பெருகி, மறுபடி மீன்மேலயே ஏறும். ஒண்ணுக்கு மட்டும் பாத்தா ஆகாது, தொட்டிக்கே மருந்து ஊத்தோணும். ஹீட்டரைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. காத்து நல்லா போகட்டும். புள்ளி மறைஞ்சிருச்சுன்னு நிறுத்திப்போடாதீங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். மருந்தை உறிஞ்சிவிடும் என்று பில்டரிலிருந்த கரியை எடுத்தேன். அடிமணலைச் சுத்தம் செய்து தண்ணீர் மாற்றினேன். மற்ற மீன்கள் தேறின. ஏஞ்சல் தேறவில்லை. பக்கெட்டிலும் மருந்து விட்டு, தண்ணீர் குளிர்ந்துவிடாதபடி வெந்நீர் பாட்டிலை மிதக்கவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் காலையில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"இனித் தாங்காதுங்கம்மா. இன்னும் மருந்து ஊத்தறதா, அப்படியே உட்டர்றதான்னு நீங்கதான் சொல்லோணும்" என்றாள் அந்தப் பெண்.

கிண்ணத்தில் மெல்ல ஏந்தி, தொட்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். கட்டையோரம் ஓர் இலையில் சாய்ந்து நிமிர்ந்தது. மடங்கிக் கிடந்த துடுப்பு ஒருமுறை முழுசாக விரிந்தது. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது.

அப்புறம்தான் அழுதேன். மீனுக்காக மட்டும் இல்லைங்க.

சேலம் ஆஸ்பத்திரியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, "ஊட்டுக்குப் போலாம் புள்ள, இங்க நொம்ப வெக்கையா இருக்குது" என்று. டாக்டர் கையை விரித்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், "இன்னொரு ஊசி போடறாங்களாமுங்க, ரெண்டு நாள் பொறுங்க" என்றேன். நீங்கள் முந்தானையை விட்டுவிட்டீர்கள்; மறுபடி கேட்கவில்லை. உங்களை ஏற்றிவந்த வண்டி அடிவாரம் தாண்டி மலையேறியபோது நீங்கள் உயிரோடு இல்லை. குளிர்காற்று என் முகத்தில் மட்டும் பட்டது.

உங்களை விட்டுவிட மனசில்லாமல்தான் அப்படிச் சொன்னேன். திரும்பவும் அந்தக் கட்டிலருகே நிற்க வைத்தால் வேறு மாதிரிச் சொல்வேனா என்றால், சத்தியமாகத் தெரியவில்லை. முந்தானையை நீங்கள் விட்ட அந்த நொடி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லைங்க. கேட்டால், "அட, உடு புள்ள" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.